ஒரே டெஸ்ட் சர்வர், பதினான்கு டெவலப்பர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் படுத்துவிடுகிறது, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெருமாள்புரம்_அட்மின்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களிடம் இருப்பது ஒரே டெஸ்ட் சர்வர்: 32 கோர், 128 ஜிபி மெமரி, டெபியன் 12. முன்பு இரண்டு இருந்தன. பழைய அலுவலகம் வண்ணார்பேட்டையில் தரைத்தளம், 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. அதற்குப் பதில் புதிது வாங்குவது ஒவ்வொரு காலாண்டும் தள்ளிப்போகிறது. ஆக பதினான்கு டெவலப்பர்கள், கூடவே டெஸ்டிங் பார்க்கும் மூன்று பேர், எல்லோரும் இந்த ஒரு மெஷினில்தான்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு டெலிவரி நாள். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் ஆளாளுக்கு பில்டு (கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் வேலை) போடுவார்கள், மூன்று மணிக்கு மேல் எஸ்எஸ்எச் (நம் கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்ளே விடவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போன வாரம் ஒருவழியாக உள்ளே போய் டாப் (என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன், லோடு ஆவரேஜ், அதாவது ஓடவும் காத்திருக்கவும் செய்யும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 190. ஆனால் சிபியூ பாதிகூட ஓடவில்லை, வெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) என்று காட்டும் எண் மட்டும் 60, 70 என்று நின்றது. மேனேஜர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு எதையாவது செய்யுங்கள் என்கிறார். மெமரியில் பெரிதாகத் தெரிந்த ஒரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) கில் செய்துவிட்டேன். அது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்த டேட்டா லோடு, இன்னும் அரை மணியில் முடிந்திருக்குமாம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டு இரவு வரை இருந்து, அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவருடையதை நிறுத்தியும் லோடு இறங்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தப்பான ஆளை நிறுத்தியிருக்கிறேன்.

மூன்று முறை எல்லோருக்கும் மெயில் போட்டாயிற்று, ஒன்றும் மாறவில்லை. சீனியர் ஒருவர் நேராகவே, டெஸ்ட் சர்வர் என்றால் டெஸ்ட் செய்யத்தானே, வேறு எங்கே போய்ச் செய்ய என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, எனக்குப் பதில் வரவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவைத்தால் வேலை நடக்கவில்லை என்று என்மேல் புகார் போகும். கட்டாமல் விட்டால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

கடைமடைக்காரன்:

தம்பி, முதலில் அந்த 190-ஐச் சரியாகப் படிப்போம். லினக்ஸில் லோடு ஆவரேஜ் சிபியூவுக்காக நிற்கும் ப்ராசஸ்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காக அசையாமல் காத்திருப்பவற்றையும் சேர்த்து எண்ணும். சிபியூ சும்மா கிடக்கிறது, வெயிட் 70 என்றால், மெமரி தீர்ந்து ஸ்வாப்பில் (மெமரிக்குப் பதிலாக டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஜாவா ஓட்டுகிறார்களா? ஜேவிஎம்முக்கு (ஜாவா புரோகிராமை ஓட்டுவது) ஹீப் (அது எடுத்துக்கொள்ளும் மெமரி) அளவு சொல்லாமல் விட்டால், மெஷினின் மொத்த மெமரியில் கால்பங்கு வரை போகலாம் என்று தானே எடுத்துக்கொள்ளும். உங்கள் 128-இல் அது 32. ஒருவர் ஓட்டினால் ஒன்றுமில்லை, பத்துப் பேர் ஓட்டினால் ஒவ்வொன்றும் 32 ஜிபி தனக்கு என்று நினைத்துக்கொண்டு வளரும். அதில் ஒருவர்கூடத் தப்புச் செய்யவில்லை. அதனால்தான் பெரிதாகத் தெரிந்ததை நிறுத்தியும் உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை, மிச்சம் இருந்தவை அந்த இடத்தையும் நிரப்பியிருக்கும்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாயின் கடைசிப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகும்போது யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், வேண்டியவர் மடையைத் திறந்துகொள்வார். பிசான நெல் பருவம் முடியப்போகும் நேரம் தண்ணீர் இறங்கியதும்தான் முறை வைப்பார்கள், இன்ன வயலுக்கு இத்தனை மணி நேரம் என்று. தண்ணீர் இருக்கும்போதே முறை வைத்தால் மீதி வீணாகப் போகும், இல்லாதபோது வைக்காவிட்டால் எங்கள் வயலுக்கு ஈரம்கூட வராது. சிஸ்டம்டியில் (லினக்ஸில் சர்வீஸ்களையும் லாகின்களையும் நிர்வகிக்கும் புரோகிராம்) சிபியூ கோட்டா (கட்டாய எல்லை), சிபியூ வெயிட் (பங்கின் எடை, மேலே சொன்ன காத்திருப்பு வெயிட் இல்லை) என்று இரண்டு இருக்கிறதே, அதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். கோட்டா போட்டால் ராத்திரி சர்வர் காலியாகக் கிடந்தாலும் அந்த ஆளுக்கு நாலு கோர்தான். வெயிட் போட்டால் காலியாக இருக்கும்போது ஒருவரே 32 கோரையும் எடுத்துக்கொள்ளலாம், நெருக்கடி வந்தால் மட்டும் பங்கு விழும். டெஸ்ட் சர்வருக்கு வெயிட்தான் சரி. உங்கள் சீனியர் கேட்ட கேள்விக்கும் அதுவே பதில்: தாராளமாக டெஸ்ட் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவரும் செய்யும்போது மட்டும் பங்கு.

எல்லா யூசருக்கும் பொதுவாக ஒரே ட்ராப்-இன் கோப்பு (கூடுதல் அமைப்புக் கோப்பு) யூசர் ஸ்லைஸுக்கு (ஒரு யூசரின் எல்லா ப்ராசஸும் சேர்ந்த தொகுதி) வைத்துவிடலாம், சிஸ்டம்டி 239-லிருந்து அந்த வசதி இருக்கிறது, உங்கள் டெபியனில் தாராளமாக வேலை செய்யும். சிபியூ வெயிட் எல்லோருக்கும் 100. உங்கள் அட்மின் லாகினுக்கு மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள், நெருக்கடியில் உள்ளே போக வேண்டியது நீங்கள்தான். மெமரிக்கு மெமரி ஹை (தாண்டினால் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எல்லை) ஆளுக்கு 14 ஜிபி. யூசர்கள் மொத்தத்துக்கும் சேர்த்து 112 ஜிபியில் ஒரு மேக்ஸ் (தாண்டவே முடியாத எல்லை) வைத்தால் சிஸ்டத்துக்கு 16 எப்போதும் மிஞ்சும். பழைய ஆட்கள் நைஸ் (ப்ராசஸின் முன்னுரிமையைக் குறைக்கும் கட்டளை) போடச் சொல்வார்கள், அது சிபியூ வரிசைக்கு மட்டும், மெமரிக்கு அது ஒன்றும் செய்யாது. இதெல்லாம் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை, இதற்கு அடிப்படையான சிகுரூப் (ப்ராசஸ்களைக் குழுவாக்கி எல்லை வைக்கும் வசதி) கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப்பகுதி) வந்தது 2008-இல், 2.6.24-இல்.

ஒன்று கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு லாகின் இருக்கிறதா, இல்லை எல்லோரும் ஒரே பொது லாகினில் நுழைகிறார்களா?

பெருமாள்புரம்_அட்மின்:

அண்ணாச்சி, ஒன்பது பேர் ஒரே லாகின்தான். நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படி. ஜாவாதான், நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன், ஒருவர்கூட ஹீப் அளவு கொடுக்கவில்லை.

கடைமடைக்காரன்:

அப்படியானால் மற்றதெல்லாம் அப்புறம். ஒன்பது பேரும் ஒரே லாகின் என்றால் கெர்னலுக்கு அவர்கள் ஒரே ஆள், ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு பங்குதான் விழும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பங்கு வாங்குவார்கள். புகார் வரத்தான் செய்யும். முதலில் லாகினைப் பிரியுங்கள். பொதுவாகத் தொட வேண்டிய கோப்புகளுக்கு ஒரு குரூப் வைத்தால் போதும்.

ஹீப்புக்கு, ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியில் எல்லோருக்கும் 2 ஜிபி என்று வைத்துவிடுங்கள். கட்டளையில் வேறு அளவு கொடுத்தால் அதுதான் எடுபடும், எனவே உண்மையிலேயே 8 ஜிபி வேண்டியவர் 8 கேட்டுக்கொள்ளலாம். கேட்காதவருக்கு 32 போகாது, அவ்வளவுதான்.

தென்காசி_ஜாவா:

நான் அந்தப் பக்கத்து ஆள், டெவலப்பர். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நிறுவனம் எனக்குக் கொடுத்திருக்கும் லேப்டாப்பில் 8 ஜிபி மெமரி. எடிட்டரும் பிரவுசரும் திறந்தாலே ஆறு போய்விடும். நான் பார்க்கும் அப்ளிகேஷனுக்கு ஏழு சர்வீஸ், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு ரெடிஸ் கேஷ் எல்லாம் ஓடினால்தான் ஒரு பக்கமே திறக்கும். எனக்கு டெஸ்ட் சர்வரை விட்டால் வேறு கதி இல்லை. அங்கே பில்டு போடும்போது, இன்னும் பதினாறு பேர் அதே மெஷினில் இருக்கிறார்கள் என்பது என் கண்ணில் எங்கேயும் படாது. மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும், மெதுவாக இருந்தால் நின்றுவிட்டதோ என்று நினைத்து இன்னொரு டெர்மினலில் மறுபடி போடுவேன். இப்போது யோசித்தால் அது எவ்வளவு தப்பு என்று புரிகிறது, அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கவனமாகப் பயன்படுத்தவும் என்று மெயில் வந்தால் நான் என்ன எடுத்துக்கொள்வது? எவ்வளவு மெமரி மிச்சம் இருக்கிறது என்ற எண் எனக்கு வேண்டும், நான் எவ்வளவு பிடித்திருக்கிறேன் என்பது வேண்டும்.

உங்கள் ஆட்கள் கிரேடில் (ஜாவா பில்டுக்கான கருவி) பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள் அட்மின் அண்ணாச்சி. பில்டு முடிந்தாலும் கிரேடில் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) போகாது, வேலை இல்லாமலே மூன்று மணி நேரம் மெமரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதுதான் அதன் இயல்பு. நேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறைக்க ஒரு வரி போதும். அப்புறம் சி ப்ளஸ் ப்ளஸ் ஆட்கள் மேக் என்ற பில்டு கட்டளையில் ஜே (ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் என்பது) போட்டு எண் கொடுக்காமல் விட்டால் கணக்கே இல்லாமல் ஜாப் கிளம்பும், எங்கள் இடத்தில் ஒருமுறை அப்படித்தான் போனது.

இன்னொன்று, இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். சொல்லாமல் ஒருவருடைய ப்ராசஸை நிறுத்தினால் அவர் அடுத்த முறை அட்மினிடம் எதையும் சொல்ல மாட்டார். எங்கள் இடத்திலும் அது நடந்தது, எனக்கே நடந்தது. அதற்குப் பிறகு பெரிய வேலை எதையும் பகலில் போடாமல் ராத்திரி வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் போட ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணிடம் நீங்கள் போய்ப் பேசிவிட்டீர்களா?

கோவில்பட்டி_ஆபரேஷன்ஸ்:

தென்காசித் தம்பி கடைசியாகக் கேட்டதுதான் எனக்கும் முக்கியமாகப் படுகிறது. நான் எட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், கில் செய்வதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் அந்த ஆளுக்கு போன், பத்து நிமிடம் பொறுப்போம். எடுக்கவில்லை என்றாலும் கில் செய்வதில்லை, ஸ்டாப் சிக்னல் கொடுத்து அப்படியே உறையவைப்போம், சிபியூவும் டிஸ்க்கும் உடனே விடுபடும், பிறகு கண்டினியூ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். மெமரியை அது விடாது, நெட்வொர்க்கில் எதிர்ப்பக்கம் காத்திருந்து அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் ஆறு மணி நேர வேலை பெரும்பாலும் பிழைக்கும். யாருடையதை, எத்தனை மணிக்கு, ஏன் என்று எல்லோரும் பார்க்கும் குழுவில் எழுதிவைப்போம். நாங்களே தப்பாகக் கைவைத்திருந்தால் அதையும் அங்கேயே எழுதுவோம்.

கடைமடை அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மெமரி ஹை மட்டும் வைத்து மேக்ஸ் வைக்காமல் விட்டால், எல்லையைத் தாண்டிய ப்ராசஸ் சாகாது, இழுத்துக்கொண்டே கிடக்கும். எங்களிடம் ஒரு பையனின் டெஸ்ட் இருபது நிமிடத்தில் முடிய வேண்டியது ஐந்து மணி நேரம் ஊர்ந்தது, ஏன் என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆளுக்கு 14-இல் ஹை என்றால் 18-இல் மேக்ஸும் வையுங்கள். மேக்ஸைத் தொட்டால் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸை நிறுத்தும் கெர்னல் பகுதி) அந்த ஆளின் ஸ்லைஸுக்குள்ளேயே ஒன்றை எடுக்கும், பக்கத்து ஆளைத் தொடாது, லாகிலும் தெளிவாக எழுதியிருக்கும். ஊர்ந்துகொண்டே இருப்பதைவிட உடனே விழுந்து காரணம் தெரிவது டெவலப்பருக்கு நல்லது.

லோடு டெஸ்ட் (நிறையப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்ற சோதனை) பற்றி யாரும் பேசவில்லையே. பொது சர்வரில் லோடு டெஸ்ட் ஓட்டினால் மற்றவர்களுக்குத் தொல்லை என்பது ஒரு பக்கம், வரும் எண்ணே பொய். பக்கத்தில் இரண்டு பேர் பில்டு போட்டால் உங்கள் ரெஸ்பான்ஸ் நேரம் இரண்டு மடங்காகத் தெரியும், அதை நம்பி ஒருவர் இரண்டு நாள் கோடைத் திருத்திக்கொண்டிருப்பார். இதைச் சொன்னபோதுதான் எங்கள் டெவலப்பர்கள் தாங்களாகவே முன்வந்து நேரம் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை லோடு டெஸ்ட், ஒரு ஷீட்டில் பெயர் போடுவது, அவ்வளவுதான். சர்வரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டபோது ஒருவரும் கேட்கவில்லை.

போஸ்ட்கிரெஸ் பொதுவாக இருந்தால் அதையும் பாருங்கள். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் தானாக 100, ஏழு சர்வீஸும் ஆளுக்கு ஒரு கனெக்‌ஷன் பூலும் (முன்கூட்டியே திறந்துவைக்கும் இணைப்புகள்) என்று போனால் அது நாலு பேருக்கே போதாது. ஒவ்வொரு ரோலுக்கும் (டேட்டாபேஸ் லாகின்) தனியாக கனெக்‌ஷன் லிமிட் போடலாம், ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (ஒரு கட்டளைக்கான நேர எல்லை) போடலாம். ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு டிபக்கரில் நின்றபடியே டீ குடிக்கப் போகிறவர்களுக்கு, சும்மா கிடக்கும் ட்ரான்ஸாக்‌ஷனை வெட்டும் டைம்அவுட் 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இருபது நிமிடம் வைத்தால் போதும், டிபக் செய்யவும் நேரம் இருக்கும்.

ஆளாளுக்கு ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸின் முழு நகல் எடுத்து வைத்திருப்பார்களே, அதில் வாடிக்கையாளர் போன் நம்பர் அப்படியே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இடம் போவதைவிட அது பெரிய தப்பு.

பெருமாள்புரம்_அட்மின்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தம்பி கேட்டதற்கு முதலில். திங்கட்கிழமை காலையிலேயே அவரிடம் போய், காரணம் பார்க்காமல் நிறுத்தினேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன், கோவில்பட்டி அக்கா சொன்னபடி குழுவிலும் அதையே எழுதினேன். அவர் தன் டேட்டா லோடைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கமிட் (சேமித்து உறுதி) செய்யும்படி மாற்றிவிட்டார், இனிமேல் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து போகும். அது நான் கேட்டு நடந்ததில்லை.

லாகினைப் பிரித்தாயிற்று. இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. பதினேழு பேருக்கும் ஸ்லைஸ் வைத்தேன், ஹை, மேக்ஸ் இரண்டும். லாகின் செய்தவுடன் யார் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறார்கள், மொத்தம் எவ்வளவு மிச்சம் என்று பத்து வரி வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அது வந்த அன்றே மூன்று பேர் தங்கள் பழைய ப்ராசஸை அவர்களாகவே நிறுத்தினார்கள், அதில் அந்த சீனியரும் ஒருவர். கிரேடில் டீமன் மட்டும் பதினொன்று சும்மா இருந்தது.

ஆனால் நேற்று, வியாழக்கிழமை, மறுபடி முழுதாக நின்றுவிட்டது. ஒருவர் டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஒரு எலாஸ்டிக்சர்ச் (தேடல் மென்பொருள்) கன்டெய்னர் (அந்தப் பெட்டி) கிளப்பியிருக்கிறார், அது 60 ஜிபிக்கு மேல் பிடித்திருந்தது. அவருக்கு மேக்ஸ் 18 தானே, எப்படி மீறியது? ஸ்லைஸில் பார்த்தால் அவர் பெயரில் 1 ஜிபிகூட இல்லை.

கடைமடைக்காரன்:

டாக்கர் கட்டளை போடுவது அந்த ஆள், ஆனால் கன்டெய்னரைக் கிளப்புவது டாக்கர் டீமன். டீமன் சிஸ்டம் பக்கம் ஓடுவது, எனவே கன்டெய்னர்களும் சிஸ்டம் ஸ்லைஸுக்குள் போய் உட்காரும், யூசர் ஸ்லைஸில் நீங்கள் போட்ட எதுவும் அவற்றைத் தொடாது. போன பதிலிலேயே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது, டீமன் கான்ஃபிக் கோப்பில் சிகுரூப் பேரன்ட் என்று தனியாக ஒரு ஸ்லைஸ் கொடுத்து, அந்த ஸ்லைஸுக்கு மெமரி மேக்ஸ் வைப்பது. எல்லாக் கன்டெய்னரும் சேர்ந்து அதைத் தாண்டாது. ஆனால் யூசர்களுக்கு 112 கொடுத்துவிட்டு இதற்குத் தனியாக 50 கொடுத்தால் கணக்கு உதைக்கும், யூசர் பக்கம் 70-க்கு இறக்குங்கள். இது மொத்தத்துக்கான எல்லைதான், ஆளுக்கு ஆள் பிரிக்காது. ஆளுக்குப் பிரிய வேண்டும் என்றால் ரூட்லெஸ் டாக்கர் (ரூட் என்ற முழு அதிகாரம் இல்லாமல் ஓடுவது) அல்லது பாட்மேன் (டாக்கர் மாதிரி இன்னொரு கருவி), அவை அந்தந்த யூசரின் ஸ்லைஸுக்குள்ளேயே ஓடும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைப் பிடிக்க முடியாது என்று இரண்டு பேர் வருவார்கள், 8080-க்கு மாற்றச் சொல்லுங்கள். இன்னொரு காரணத்துக்காகவும் நான் ரூட்லெஸ் பக்கம்தான். டாக்கர் குரூப்பில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு ரூட் கொடுத்த மாதிரிதான், பதினேழு பேருக்கு அது தேவையில்லை.

அப்புறம் லோடு ஆவரேஜைப் பார்ப்பதை விட்டுவிட்டு ப்ராக் என்ற ஃபோல்டரின் (கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் இடம்) கீழே பிரஷர் என்று ஒரு இடம் இருக்கும், அதைப் பாருங்கள். 4.20 கெர்னலில் வந்தது. மெமரி, சிபியூ, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனியாக, கடைசிப் பத்து நொடியில் எத்தனை சதவீத நேரம் வேலை தடைப்பட்டு நின்றது என்று சொல்லும். மெமரி பகுதியில் ஃபுல் (எல்லா வேலையும் ஒரே நேரத்தில் தடைப்பட்ட நேரம்) என்பது 10-ஐத் தாண்டினால் உங்கள் போனுக்கு ஒரு செய்தி வருகிற மாதிரி வைத்தால், மூன்று மணிக்கு நிற்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். மேனேஜரிடம் புதிய சர்வர் கேட்கவும் அதையே ஒரு மாதம் சேர்த்து வையுங்கள். லோடு 190 என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது, இந்த மாதம் பதினேழு பேரும் இத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்றால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

பெருமாள்புரம்_அட்மின்:

கன்டெய்னர் ஸ்லைஸ் வைத்துவிட்டேன் அண்ணாச்சி, ரூட்லெஸ் அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன். இன்று வெள்ளி, மணி ஐந்தரை, எஸ்எஸ்எச் உடனே திறக்கிறது. பில்டு பகல் நேரத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகிறது, ஆனால் எல்லோருக்கும் போகிறது.

ஒரு சந்தேகம் மட்டும். டிஸ்க்கில் 91 சதவீதம் நிரம்பியிருக்கிறது, டாக்கர் ஃபோல்டர்தான் பெரிசு. ஒரே ஒரு கன்டெய்னரின் லாக் கோப்பு 140 ஜிபி. அதை அழித்துவிடலாமா?

கோவில்பட்டி_ஆபரேஷன்ஸ்:

அழிக்க வேண்டாம். டீமன் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும், அழித்தாலும் இடம் திரும்பாது. ட்ரன்கேட் செய்து பூஜ்யமாக்குங்கள், உடனே இடம் கிடைக்கும், ஆனால் அதற்கு முன் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், லாக் வேண்டியதாக இருக்கலாம். டாக்கர் தானாக வைக்கும் லாக் முறையில் சுழற்சியே (பழைய லாக்கை நீக்கிப் புதிய கோப்பு தொடங்குவது) கிடையாது, அதனால்தான் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. டீமன் கான்ஃபிக்கில் மேக்ஸ் சைஸ் 50 எம்பி, மேக்ஸ் ஃபைல் 3 என்று கொடுங்கள். அது இனிமேல் உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே இருப்பவற்றை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும், ரீஸ்டார்ட் மட்டும் போதாது.